ஷெல் கட்டளையும் மெலிந்த மூலைகளும்: ஓசூர் வடிவமைப்பகம் ஒன்றில் நிகழ்ந்ததன் ஆய்வு

பின்னணி

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணற்றை நம்பிப் பயிர் செய்யும் விவசாயிகளிடையே, கைபேசி வழியே மோட்டாரை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் பரவலாகப் புழக்கத்தில் உள்ளன. மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்தாலும் தோட்டத்துக்கு நடந்து செல்லாமல் வீட்டிலிருந்தபடியே மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் இவை உதவுகின்றன. மாந்தோப்பின் ஓரத்திலுள்ள பம்பு அறையில், ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் சுவரில் திருகி மாட்டப்படும் இந்தப் பெட்டி வெயிலையும் தூசியையும் தாங்க வேண்டும்; எறும்பும் பல்லியும் உள்ளே புகாதபடி மூட வேண்டும்; மாட்டும்போது கை நழுவிக் கீழே விழுந்தாலும் உடையக் கூடாது.

இப்படிப்பட்ட பெட்டி ஒன்றுக்கு ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் மேல்மூடியும் அடிப்பெட்டியும் வடிவமைத்து, உருகிய பிளாஸ்டிக்கை உள்ளே செலுத்தி வார்க்கும் ஊசி வார்ப்புக்கான எஃகு அச்சான மோல்டும் செய்து தரும் வேலையை ஓசூரிலுள்ள சிறிய வடிவமைப்பகம் ஒன்று ஏற்றிருந்தது. மேல்மூடி 180 மி.மீ. நீளம், 120 மி.மீ. அகலம், 40 மி.மீ. ஆழம் கொண்டது, சுவர்த் தடிமன் எங்கும் 2.5 மி.மீ. என முடிவாகியிருந்தது. வெளித் தோற்றத்தை வாடிக்கையாளர் வேறொரு வடிவமைப்பாளரிடம் வரையச் சொல்லி, உட்குழிவில்லாத முழுத் திண்மமாக, வரைவு மென்பொருள்களுக்கிடையே பரிமாறப் பயன்படும் ஸ்டெப் கோப்பில் அனுப்பியிருந்தார். அதை வரைவு மென்பொருளின் ஷெல் கட்டளையால் குடைந்து மூடியாக்கும் பணி, பாலிடெக்னிக் முடித்துச் சில ஆண்டுகள் அனுபவம் பெற்ற இளம் வடிவமைப்பாளர் ஒருவரிடம் தரப்பட்டது. முதல் வார்ப்பில் சிக்கல் தெரிந்த பிறகு காரணத்தை ஆராய அழைக்கப்பட்டவன் என்ற முறையில், அங்கு நடந்ததை வரிசைப்படி இங்கே பதிவு செய்கிறேன்.

ஷெல் கட்டளை உண்மையில் செய்வது

மரக்கட்டையை உளியால் குடைந்து பாத்திரம் செய்யும் தச்சரைப் போலத்தான் மென்பொருளும் குடைகிறது என்று பலரும் எண்ணுகிறோம். மென்பொருளின் வழி வேறு. திறந்துவிட வேண்டிய முகத்தை நாம் காட்டியதும், மீதமுள்ள முகங்கள் ஒவ்வொன்றையும் கொடுத்த தடிமன் அளவுக்கு உட்பக்கமாக நகர்த்தி, நகர்ந்த முகங்களை ஒன்றோடொன்று வெட்டிச் சேர்த்து, புதிய உட்சுவரை அது கட்டுகிறது. சாலிட்வொர்க்ஸில் ‘ஷெல்’ என்றும் ஃப்ரீகேடில் ‘திக்னஸ்’ என்றும் பெயர் மாறினாலும், முன்னதன் அடியில் பாராசாலிட், பின்னதன் அடியில் ஓப்பன் கேஸ்கேட் என, வடிவங்களைக் கணக்கிடும் வடிவியல் கரு வேறுபட்டாலும், அடிப்படை வேலை இதுதான்.

முகத்தை நகர்த்தும்போது தட்டையான முகம் தட்டையாகவே இருக்கும். வளைந்த முகத்தின் ஆரமோ மாறும். விளிம்பை உருட்டிய வளைவுக்கு ஃபில்லட் என்று பெயர். வெளியே குவிந்திருக்கும் ஃபில்லட்டின் ஆரம் 6 மி.மீ., தடிமன் 2.5 மி.மீ. என்றால், உள்ளே அது 3.5 மி.மீ. ஆரமாகச் சுருங்கும், வெளி வளைவும் உள் வளைவும் ஒரே மையத்தைப் பகிர்வதால் சுவர் எங்கும் 2.5 மி.மீ. ஆகவே நிற்கும். வெளி ஆரம் சரியாக 2.5 மி.மீ. என்றால் உள்ளே கூர்மூலை மட்டுமே எஞ்சும். ஆரம் அதற்கும் குறைவாக இருந்தால், நகர்த்திய முகம் தன் மையத்தைக் கடந்து புரண்டுவிடும். எளிய பெட்டி வடிவில், புரண்ட முகத்தை நீக்கிவிட்டு அண்டை முகங்களை நீட்டிச் சமாளிக்க மென்பொருளால் பெரும்பாலும் முடிகிறது. பல ஃபில்லட்டுகள் ஓரிடத்தில் சந்திக்கும்போதோ, குறுகிய பட்டை போன்ற முகம் இடையில் அகப்படும்போதோ, நீட்டிய முகங்கள் ஒழுங்காகச் சந்திப்பதில்லை. கட்டளை பிழை காட்டி நின்றுவிடுகிறது.

குழிந்த விளிம்புகளில் நடப்பது இதற்கு நேர் எதிரானது. அங்கே ஆரம் தடிமனோடு கூடிப் பெருகும் என்பதால் புரளும் ஆபத்தில்லை. ஆனால் பெருகிய வளைவு பக்கத்து முகத்தை விழுங்கிவிடக்கூடும்.

முதல் தடங்கல்

மேல்மூடியின் முகப்பில், எண்கள் தெரியும் சாளரத்தைச் சுற்றி 3 மி.மீ. உயரத்துக்கு ஒரு சட்டம் எழுப்பப்பட்டிருந்தது. சட்டத்தின் மேல் விளிம்பில் 1 மி.மீ. ஆரமும், அடியில் அது முகப்போடு சேரும் இடத்தில் 1.5 மி.மீ. குழிந்த ஆரமும் இருந்தன. இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக எஞ்சியது அரை மில்லிமீட்டர் பட்டை மட்டுமே. பெட்டியின் நான்கு நிலை (செங்குத்து) மூலைகளுக்கு 6 மி.மீ., முகப்பின் சுற்று விளிம்புக்கு 3 மி.மீ. என ஆரங்கள் தரப்பட்டிருந்தன.

2.5 மி.மீ. தடிமனில் ஷெல் கொடுத்ததும் பிழை வந்தது. வடிவமைப்பாளர் தடிமனைப் படிப்படியாகக் குறைத்துப் பார்த்தார், 0.9 மி.மீ. வந்தபோது கட்டளை நிறைவேறியது, 1.1 மி.மீ. கொடுத்தால் மறுபடியும் நின்றது. திண்மத்தின் மிகச் சிறிய வளைவாரம் 1 மி.மீ. என்பதை அந்த எல்லையே சொல்லிவிட்டது. சாலிட்வொர்க்ஸின் ஷெல் பலகத்தில் உள்ள பிழை ஆய்வுப் பகுதியும் குறைந்த வளைவாரம் எங்கே இருக்கிறது என்று காட்டக்கூடியது. அதைத் திறந்திருந்தால் குறி சட்டத்தின் மேல் விளிம்பில் நின்றிருக்கும். கோளாறு அந்த ஓர் இடத்தில்தான் இருந்தது, மற்ற ஃபில்லட்டுகளில் குற்றமேதும் இல்லை என்பதை அந்த நேரத்தில் யாரும் கேட்டுப் பார்க்கவில்லை.

எடுத்த முடிவும் அதற்கான காரணமும்

0.9 மி.மீ. சுவர் இந்தப் பெட்டிக்கு ஆகாது என்பதை வடிவமைப்பாளர் சரியாகவே அறிந்திருந்தார். ஸ்டெப் கோப்பில் முகங்கள் மட்டுமே இருக்கும். எந்த ஃபில்லட் எப்போது போடப்பட்டது என்ற வரலாறு அதில் வராது. ஆகவே ஃபில்லட்டை அடக்கிவைத்து, அது போடப்படுவதற்கு முந்தைய நிலைக்குத் திரும்பும் வழி அவருக்கு இல்லை. ஃபில்லட் முகங்களை நீக்கி அண்டை முகங்களை நீட்டி மூடும் கட்டளையால், திண்மத்திலிருந்த எல்லா ஃபில்லட்டுகளையும் களைந்தார். கூர்விளிம்புப் பெட்டியாகிவிட்ட திண்மத்தை 2.5 மி.மீ. தடிமனில் குடைந்தபோது கட்டளை தடையின்றி முடிந்தது. அதன்பின் வெளிப்புறத்தில் மட்டும் பழைய ஆரங்களையே, 6, 3, 1.5, 1 மி.மீ. என, மீண்டும் போட்டார். வெளித் தோற்றம் அனுப்பப்பட்ட கோப்போடு அச்சாகப் பொருந்தியது.

இந்த முடிவுக்கு அவர் தரப்பில் நியாயம் இருந்தது. கெடு நெருங்கியிருந்தது, கோடைப் பாசனம் தொடங்கும் முன் பெட்டி கைக்கு வர வேண்டும் என்று வாடிக்கையாளர் நினைவூட்டிக்கொண்டிருந்தார். பயிற்சிகளில் கற்பிக்கப்படும் மாதிரிகள் அனேகமாக ‘வரை, உயர்த்து, ஃபில்லட் போடு, குடை’ என்ற வரிசையில் சிக்கலின்றி முடிபவை. வரிசை புரண்டால் சுவருக்கு என்ன ஆகும் என்பது பாடத்தில் இடம்பெறுவது அரிது.

சரிபார்ப்பின்போது மூடியை நடுத்தளத்தில் வெட்டிக் குறுக்குவெட்டுப் பார்த்தார்கள். வெட்டில் தெரிந்த பக்கச் சுவர்களும் முகப்பும் அளக்கப்பட்டன, எல்லாம் 2.5 மி.மீ. இருந்தன. அடிப்பெட்டியோடு சேர்த்து மோதல் சோதனையும் செய்தார்கள். ஒன்றுக்குள் ஒன்று புகுந்த இடம் ஏதுமில்லை என்று மென்பொருள் கூறியது. மோதல் சோதனை புகுதலை மட்டுமே சொல்லும், இருக்கக் கூடாத இடைவெளியைச் சொல்லாது. பி.எல்.ஏ. பிளாஸ்டிக் இழையில் அச்சிட்ட முப்பரிமாண மாதிரியும் கையில் உறுதியாகவே இருந்தது. அச்சு இயந்திரம் மெல்லிய மூலையையும் தொடர்ச்சியான இழை வரிகளால் கட்டிவிடுவதால், அங்கே தடிமன் குறைந்திருப்பது கண்ணுக்குப் படவில்லை. அந்த நிலையில் மோல்டு வெட்ட ஒப்புதல் தரப்பட்டது.

முதல் வார்ப்பில் கண்டவை

முதல் வார்ப்பில் வந்த மூடிகள் பார்வைக்கு நன்றாகவே இருந்தன. முகப்பில், உட்புறத்தில் வலுவூட்டும் பட்டைகளான இரண்டு ரிப்புகளுக்கு நேர் எதிரே, சிங்க் மார்க் எனப்படும் இலேசான பள்ளம் இருந்ததைத் தவிர வேறு குறை தெரியவில்லை. மோல்டு செய்யும் பட்டறையான டூல் ரூமில் நீண்ட காலம் பணிபுரிந்த மேஸ்திரிதான், தந்த நிற மூடி ஒன்றை எடுத்து வேலைமேசை விளக்குக்கு நேரே பிடித்து, “தம்பி, இந்த மூலையைக் கொஞ்சம் பாருங்க” என்றார். நான்கு நிலை மூலைகளிலும், திறந்த விளிம்பிலிருந்து முகப்பு வரை, நூல் பிடித்தது போல நேராக ஒரு கோடு வெளிச்சத்தில் துலங்கியது. சுவரின் மற்ற பகுதிகள் ஒளியை மறைத்தபடி இருந்தன. அதே விளக்கின்முன் அடிப்பெட்டியைப் பிடித்தபோது அதில் எந்தக் கோடும் இல்லை.

அடுத்து, நெஞ்சு உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் மூடிகளைப் போட்டுப் பார்த்தார்கள். மூலை பட விழுந்த மூடிகளில் விரிசல் ஒரே விதமாக ஓடியிருந்தது: திறந்த விளிம்பில் தொடங்கி, மூலையின் உட்கூர்மையை ஒட்டியே மேலேறி, முகப்பை நெருங்கும் இடத்தில் நின்றது. பக்கச் சுவர்களில் கீறலே இல்லை. பிளாஸ்டிக் சரியாக உலர்த்தப்படவில்லை, உருகுவெப்பம் போதவில்லை, பிளாஸ்டிக் மோல்டுக்குள் நுழையும் வாயிலான கேட் இருக்கும் இடம் தவறு என்று அவரவர் அனுபவத்துக்கேற்ற ஐயங்கள் எழுந்தன. இயந்திர அமைவுகளை மாற்றி வார்த்தபோதும் கோடு மறையவில்லை.

காரணம் கண்டறிந்த விதம்

அடிப்பெட்டியில் கோடு இல்லை என்பதே முதல் தடயம். பிளாஸ்டிக், இயந்திரம், தடிமன், மூலை ஆரம் ஆகிய நான்கும் இரண்டுக்கும் ஒன்றே. ஆகவே வேறுபாட்டை வரைவில்தான் தேட வேண்டும். அடிப்பெட்டி அந்த வடிவமைப்பகத்திலேயே வரையப்பட்டது. அதை வரைந்தபோது 6 மி.மீ. மூலை வளைவை அடி வரைபடத்திலேயே கொடுத்து, உயர்த்தி, பிறகு குடைந்திருந்தார்கள். அதனால் உள்மூலை 3.5 மி.மீ. வளைவாக அமைந்தது. மேல்மூடியிலோ உள்மூலை செங்கோணக் கூர்மூலையாகவே நின்றது. வெளியே மட்டும் 6 மி.மீ. சீவப்பட்டிருந்தது.

மூடியை முகப்புக்கு இணையான தளத்தில், மூலைகளின் ஊடாக வெட்டிப் பார்த்ததும் விடை கிடைத்தது. கணக்கு எளிது. வெளி வளைவின் மையம் இரு வெளிச்சுவர்களிலிருந்தும் 6 மி.மீ. உள்ளே இருக்கிறது, உள்மூலை இரண்டிலிருந்தும் 2.5 மி.மீ. உள்ளே இருக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட மூலைவிட்டத் தூரம் 3.5-ஐ 1.414-ஆல் பெருக்கினால் வரும் 4.95 மி.மீ. ஆரமான 6-இலிருந்து அதைக் கழித்தால் எஞ்சும் சுவர் 1.05 மி.மீ. மட்டுமே. மூன்று முகங்கள் கூடும் முகப்பு மூலையில் 3 மி.மீ. விளிம்பு வளைவும் சேர்ந்துகொள்வதால், அங்கே 1 மி.மீ.-க்கும் சற்றுக் குறைவாகவே இருந்தது. 2.5 மி.மீ. என்று வரைபடத்தில் எழுதியிருந்த மூடியின் மூலைகள் அதில் பாதித் தடிமன்கூட இல்லாமல் வார்க்கப்பட்டிருந்தன. உருகிய பிளாஸ்டிக் தடித்த சுவர்கள் வழியே எளிதாக ஓடி, மெல்லிய மூலையில் தயங்கி, அதற்குள் குளிரத் தொடங்கிவிடும். போதாக்குறைக்கு, உட்கூர்மூலை அடியின் விசையை ஒரே கோட்டில் குவிக்கும். விரிசல் ஓடிய பாதை இவ்விரண்டுக்கும் ஒத்திருந்தது.

இந்தக் கணக்கை மற்ற ஆரங்களுக்கும் போட்டுப் பார்த்ததில்தான், எனக்கு இந்த நிகழ்வின் மிக முக்கியமான பாடம் என்று படுவது வெளிப்பட்டது. கூர்மூலையாகக் குடைந்த பிறகு வெளியே ஃபில்லட் போட்டால், செங்கோண மூலையின் தடிமன் என்பது ஆரத்திலிருந்து, ஆரத்துக்கும் சுவர்த் தடிமனுக்கும் உள்ள வித்தியாசத்தின் 1.414 மடங்கைக் கழித்தால் வருவது. 3 மி.மீ. ஆரத்துக்கு அது 2.29 மி.மீ.; பெரிய பாதிப்பில்லை. சட்டத்தின் 1 மி.மீ. ஆரத்துக்கு வித்தியாசம் எதிர்த்திசையில் போவதால், தடிமன் 3.12 மி.மீ. எனச் சற்றுக் கூடுகிறது. 2.5 மி.மீ. ஆரத்துக்குச் சரியாக 2.5. அதாவது, சுவர்த் தடிமனைவிடச் சிறிய ஆரங்களே ஷெல்லைத் தடுக்கின்றன. அவற்றையே ஷெல்லுக்குப் பின் போட்டால் சுவர் மெலிவதில்லை. தடிமனைவிடப் பெரிய ஆரங்கள் ஷெல்லைத் தடுப்பதே இல்லை. அவற்றை ஷெல்லுக்குப் பின் தள்ளினால்தான் சுவர் மெலிகிறது. எல்லா ஃபில்லட்டுகளையும் ஒரேயடியாகக் களைந்ததற்குப் பதில், சட்டத்தின் சிறு ஃபில்லட்டுகளை மட்டும் களைந்து பின்னால் போட்டிருந்தால், பிழையும் நீங்கியிருக்கும், மூலையும் காப்பாற்றப்பட்டிருக்கும். மூலைக் கோணம் செங்கோணத்தைவிடக் குறுகினால் 1.414 என்ற பெருக்கியும் கூடும். 60 பாகை மூலையில் அது 2 ஆகிவிடுவதால், முக்கோண வடிவப் பெட்டிகளில் இந்த மெலிவு இன்னும் கடுமையாக இருக்கும்.

திருத்தத்துக்கான வழிகள்

வாடிக்கையாளர், மேஸ்திரி, வடிவமைப்பாளர் எல்லோரும் அமர்ந்து பேசியபோது நான்கு வழிகள் முன்வைக்கப்பட்டன. ஏபிஎஸ்ஸுக்குப் பதில் பாலிகார்பனேட் கலந்த பிளாஸ்டிக்குக்கு மாறலாம் என்பது ஒன்று. அடியைத் தாங்கும் வலு அதனால் கூடும் என்றாலும் மெல்லிய கோடு அப்படியே இருக்கும், கிலோ விலையும் ஏறும் என்பதால் அது கைவிடப்பட்டது. சுவர் முழுவதையும் 3.5 மி.மீ. ஆக்கினால் மூலை தானாக 2.46 மி.மீ. ஆகிவிடுமே என்று வாடிக்கையாளர் தரப்பில் கேட்டார்கள். கணக்கு சரிதான். ஆனால் வார்ப்பு குளிரும் நேரம் தடிமனின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுவதால் அது ஏறத்தாழ இரு மடங்காகும், பிளாஸ்டிக் எடையும் கூடும், ஒவ்வொரு மூடிக்கும் அந்தச் செலவு தொடரும். வெளி ஆரத்தை 3 மி.மீ. ஆகக் குறைப்பது மூன்றாவது வழி. அதற்கு, மூடியின் வெளிப்புறத்தை உருவாக்கும் மோல்டுப் பகுதியான, சொரசொரப்பு ஏற்றி முடித்துவிட்ட கேவிட்டியைத் தொட வேண்டும், அடிப்பெட்டியின் மூலைகளோடும் பொருந்தாமல் போகும்.

மூடியின் உட்புறத்தை உருவாக்கும் மோல்டுப் பகுதியான கோரின் எஃகு மூலைகளை உருட்டுவதே கடைசியில் தேர்ந்தெடுக்கப்பட்டது. மூடியின் உள்மூலையில் பிளாஸ்டிக் கூட வேண்டுமானால், அந்த இடத்தை நிரப்பி நிற்கும் கோரிலிருந்து எஃகு குறைய வேண்டும். எஃகைக் குறைப்பது எளிது. கூட்டுவதற்குத்தான் வெல்டிங்கோ தனித் துண்டு பதிப்போ தேவைப்படும். கோர் ஏற்கெனவே கடினப்படுத்திய பி20 எஃகால் ஆனது என்பதால், மில்லிங் செய்த பின் மீண்டும் வெப்பப் பதப்படுத்த வேண்டியதில்லை. மூலைகளுக்கு அருகிலிருந்த, வார்ப்பை வெளியே தள்ளும் எஜெக்டர் பின்களின் துளைகள் வெட்டுக்குள் வராது என்பதை உறுதி செய்த பிறகு, நிலை மூலைகளுக்கு 3.5 மி.மீ. ஆரமும் முகப்புச் சுற்று விளிம்புக்கு 0.5 மி.மீ. ஆரமும் கோரில் வெட்டப்பட்டன. ரிப்புகளின் கதை வேறு. அவை 2 மி.மீ. தடிமனில் இருந்தன, சுவரின் பாதியளவுக்கு மெலிய வேண்டுமானால் கோரில் எஃகு சேர்க்க வேண்டும். சிங்க் மார்க் தெரிந்த இடம் பெயர்ச்சீட்டு ஒட்டப்படும் பகுதிக்குள் அடங்கியதால், அதை அப்படியே விட வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டார்.

பின்விளைவு

திருத்திய கோரில் வார்த்த மூடிகளை விளக்கின்முன் பிடித்தபோது கோடு தெரியவில்லை. ஒரு மூடியை மூலைக்குக் குறுக்கே ஹேக்ஸா கொண்டு அறுத்து, முகத்தைத் தேய்த்து அளந்ததில், மூலையும் சுவரும் ஒரே தடிமனாக இருந்தன. அதே உயரத்திலிருந்து மூலை பட விழுந்த மூடிகள் உடையவில்லை. அடிப்பெட்டியின் உதடு மூடிக்குள் அமரும் மூலைகளில் முன்பு இருந்த இடைவெளியும் மூடிக்கொண்டது. எறும்பு புகும் வழியாக ஆகியிருக்கக்கூடிய அந்த இடைவெளி, மோதல் சோதனையில் தப்பியிருந்ததும் அப்போதுதான் எல்லோர் கவனத்துக்கும் வந்தது.

எதிர்பாராத ஒரு பாதிப்பும் நேர்ந்தது. மின்சுற்றுப் பலகை, கூரான உள்மூலையை அளந்து, சுற்றிலும் அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டுச் சதுர மூலைகளோடு வரையப்பட்டிருந்தது. உள்மூலை வளைந்ததும் பலகையின் மூலைகள் சுவரில் முட்டின. மூலைப் பகுதியில் செம்புத் தடம் ஏதும் ஓடாததால், கையிருப்பில் இருந்த பலகைகளின் மூலைகளை அரத்தால் தேய்த்துப் பயன்படுத்தினார்கள். அடுத்த தொகுதிக்கு மூலைகள் 3 மி.மீ. ஆரத்தில் மாற்றப்பட்டன, 3.5 மி.மீ. உள்வளைவோடு அது ஒரே மையத்தில் அமைவதால் இடைவெளி எங்கும் அரை மில்லிமீட்டராகவே நிற்கிறது. இத்தனையும் முடிந்து பெட்டி விற்பனைக்குப் போனபோது கோடைப் பாசனத்தின் தொடக்கம் கடந்துவிட்டிருந்தது. மோல்டுத் திருத்தச் செலவை வடிவமைப்பகமே ஏற்றது.

நடைமுறையில் மாற்றியவை

அந்த வடிவமைப்பகத்தில் இப்போது வெளியிலிருந்து வரும் எந்தத் திண்மத்தையும் குடைவதற்கு முன், அதன் மிகச் சிறிய குவிந்த ஆரத்தைத் தேடிக் குறித்துக்கொள்கிறார்கள். சுவர்த் தடிமனைவிடச் சிறிய ஆரங்கள் மட்டும் களையப்பட்டு, ஷெல்லுக்குப் பின்னரே போடப்படுகின்றன. வார்ப்பு மோல்டிலிருந்து எளிதாகக் கழலச் சுவருக்குத் தரும் சாய்வான டிராஃப்ட் கோணம் எப்போதும் ஷெல்லுக்கு முன்பே கொடுக்கப்படுகிறது, 40 மி.மீ. ஆழத்துக்கு ஒரு பாகை டிராஃப்டைக் குடைந்த பின் வெளிமுகத்துக்கு மட்டும் கொடுத்தால், சுவர் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையே 0.7 மி.மீ. வேறுபடும் என்பதும் இதே வகைச் சிக்கல்தான். திருகு ஏறும் தூண்களான பாஸ்களும் ரிப்புகளும் ஷெல்லுக்குப் பிறகே வருகின்றன, ஏனெனில் முன்னால் போட்டால் அவையும் சேர்ந்து குடையப்பட்டுவிடும்.

சரிபார்ப்பில் நடுத்தள வெட்டு ஒன்றோடு நிறுத்துவதில்லை. மூலை வழியே செல்லும் வெட்டும், முகப்புக்கு இணையான வெட்டும் கட்டாயம் பார்க்கப்படுகின்றன. சுவரின் தடிமனை வண்ணத்தில் காட்டும் ஆய்வுக் கருவியும் ஓட்டப்படுகிறது. தட்டைச் சுவரை மட்டும் அளப்பது, நாம் தட்டச்சு செய்த எண்ணையே மென்பொருளிடம் திரும்பக் கேட்பதாகும் என்பது என் கருத்து. சுவர் மெலிவதும் தடிப்பதும் பெரும்பாலும் மூலையிலும் முகங்கள் கூடும் இடத்திலும்தான். மோல்டுக்கு ஒப்புதல் தரும் முன், மேஸ்திரியும் திரையின்முன் அமர்ந்து இந்த வெட்டுகளைப் பார்த்துக் கையொப்பமிடுகிறார்.

வெளித் தோற்றம் வரைந்து அனுப்புபவர்களிடம் இரண்டு ஸ்டெப் கோப்புகள் கேட்கப்படுகின்றன: இறுதித் தோற்றம் ஒன்றில், சிறு ஃபில்லட்டுகள் நீக்கப்பட்ட திண்மம் மற்றொன்றில். மேல்மூடியைக் குடைந்த அதே இளைஞர்தான் இப்போது அந்தக் கோப்புகளைப் பெற்றுச் சரிபார்க்கிறார். எந்த ஆரம் ஷெல்லுக்கு முன், எது பின் என்ற பட்டியலைத் தயாரிப்பதும் அவர்தான்.